துண்டு காயாத ஊர்

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காலை எட்டு மணிக்குப் போட்ட துண்டு, பத்தரைக்கெல்லாம் அப்பளம் மாதிரி மொரமொரவென்று ஆகிவிடும். பெர்லினுக்குப் போன முதல் நவம்பரில் அதே துண்டு மூன்று நாளாகியும் ஓரத்தில் ஈரமாகவே கிடந்தது. நான்காம் நாள் முகம் துடைத்தால் ஒரே பூஞ்சை வாடை. தினம் குளிக்கிறோம், தவறாமல் துவைக்கிறோம், அப்புறம் இந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

இப்போது விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். அக்கா மகள் அடுத்த மாதம் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி கிளம்புகிறாள். "இன்னும் என்ன எடுத்துக்கட்டும் சித்தி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். குக்கர், மசாலாப் பொடி எல்லாம் அவளே எழுதி வைத்துவிட்டாள். நான் அவளுக்குச் சொல்ல நினைப்பது வேறு. நம்ம ஊரில் சுத்தத்தில் பாதி வேலையை வெயில் செய்துவிடுகிறது. தலையணை, பாய், உள்ளாடை, நனைந்த செருப்பு என எதுவானாலும் மாடியில் போட்டால் தீர்ந்தது. அங்கே டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். வெயிலின் வேலையை நாமேதான் செய்ய வேண்டும் கண்ணு.

எனக்கு அது தெரியாமல் போனது. குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடிவைத்து, அறைக்குள்ளேயே ஸ்டாண்டில் துணி உலர்த்தினேன். ஒரு மெஷின் துணி காய்ந்தால் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலந்துவிடும். அது குளிர்ந்த வெளிச்சுவரில் போய்ப் படியும். ஜனவரியில் அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். சுவரில் கடுகு சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள். அம்மா கொடுத்தனுப்பிய போர்வையைப் பிரித்தால் மடிப்புக்குள்ளும் அதே புள்ளிகள். உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மேல்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அக்காதான் வந்து பார்த்தார். "யன்னலை அகலத் திறந்து விடுங்கோ பிள்ளை, பத்து நிமிசம் காணும்" என்றார். ஜெர்மன்காரர்கள் இதை 'லுஃப்டன்' என்பார்கள். ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னலை முழுதாகத் திறக்க வேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, துணி உலர்த்தும் நாளில் கூடுதலாக. குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. அது உள்ளே வந்து சூடாகும்போது அறையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் சுவர் ஆறிப்போகாது. நாள் முழுக்க ஜன்னலைக் கொஞ்சமாகச் சாய்த்து வைப்பதுதான் கெடுதல், சுவர் சில்லிட்டு இன்னும் ஈரம் கோக்கும்.

துண்டு, உள்ளாடை, பாத்திரம் துடைக்கும் துணி இவற்றை 60 டிகிரியில் துவைக்க வேண்டும். மற்றவற்றுக்கு 30 அல்லது 40 போதும். துவைத்த துணியை இரவெல்லாம் மெஷினுக்குள் விடக்கூடாது. மெஷின் கதவும் திறந்தே இருக்கட்டும். தாளிக்கும் முன் குளிர்க்கோட்டை வேறு அறையில் மாட்டிக் கதவைச் சாத்திவிட வேண்டும், கோட்டைத் தினமும் துவைக்க முடியாது. கழிப்பறைக்கு ஒரு மக்கு எடுத்துப் போகலாம். ஆனால் அங்கே பல வீடுகளில் ஷவருக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழி இருக்காது, பார்த்து ஊற்ற வேண்டும்.

தண்ணீர் மட்டும் பழகியதுதான். பெர்லின் தண்ணீரும் நம்ம போர் தண்ணீர் போலக் கடினமானது, கெட்டிலில் வெள்ளையாகப் படியும்.

பல்லைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். அங்கே பல் டாக்டர் என்னிடம் முதலில் கேட்டது, "புகை பிடிப்பீர்களா?" என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. சின்ன வயதில் அழுக்கு என்று நினைத்து உப்பும் கரியும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து எனாமலைத்தான் தேய்த்திருக்கிறேன். அது அழுக்கில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்த ஆழ்துளைத் தண்ணீரைக் குடித்து, எட்டு வயதுக்குள் பல் உருவாகும்போதே உள்ளே ஏறிய கறை. அதற்குப் பதிலாகக் காவிரித் தண்ணீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013இல்தான். இவளும் அதற்கு முன் வளர்ந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "கேட்டால் 'ஃபுளோரோசிஸ்' என்று சொல்லு, பொத்தாதே" என்றேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் எத்தனை பேர் இதே கறைக்காகக் கூசியிருப்பார்கள்!

அம்மா இரண்டு நாளாக ஒரு புதுப் போர்வையை மாடியில் திருப்பித் திருப்பிக் காயப்போடுகிறார். பேத்தியின் பெட்டிக்காம். நேற்று மாலை மடித்துக் கொண்டுவந்தபோது தொட்டுப் பார்த்தேன், உள்மடிப்பு வரை சூடாக இருந்தது.