மார்கழிப் பனியில பசங்களோட டென்ட்: வேதாரண்யம் பக்க நாட்குறிப்பு

டிசம்பர் 19

அரையாண்டு லீவுக்கு பசங்கள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகணும்னு ரெண்டு மாசமா பேச்சு, கடைசில டென்ட் போட்டு தங்குறதுன்னு முடிவாயிருக்கு. ஒம்பதாவது படிக்கிற ஒருத்தன் நெட்ல தேடி குளிர்கால கேம்ப் சாமான் லிஸ்ட் எடுத்துட்டு வந்தான். மைனஸ் பத்து டிகிரி தாங்குற ஸ்லீப்பிங் பேக், கம்பளிக் கையுறை, ஐஸ்ல வழுக்காத ஷூ. டேய் தம்பி, நம்மூர்ல மார்கழி விடியக்காலம் இருவது டிகிரிக்கு எறங்குனாலே ஊரே மங்கி குல்லா போட்டு திரியும்டான்னேன். இங்க குளிர்னு ஒண்ணு தனியா இல்ல, ஈரந்தான் குளிரு. தரை ஈரம், பனி ஈரம், நனைஞ்ச சட்டையோடயே ஒக்காந்திருக்கறது, இதுலதான் பசங்களுக்கு நடுக்கம் வரும், சளி புடிக்கும். அதனால லிஸ்ட்ல மொதல் சாமான் தார்ப்பாய், ரெண்டாவது ஆளுக்கு ஒரு செட் காஞ்ச துணி, பாலிதீன் பைல கட்டி வச்சது, ராத்திரி படுக்கும்போது மட்டும்தான் அதத் தொடணும்.

டிசம்பர் 21

எடம் தேடுறதுதான் பெரும்பாடு. டெல்டாவுல டிசம்பர் மாசம் காஞ்ச தரைய கண்ல காட்டுங்க பாப்போம். சம்பா கதிர் முத்தி நிக்குது, வரப்புல கால் வச்சா பொதபொதன்னு உள்ள போவுது. ஆத்து மணல்ல போட்டா சூப்பரா இருக்கும்ணான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மேட்டூர் அணை வழக்கமா ஜூன் 12 தொறந்தா ஜனவரி 28 வரைக்கும் பாசனத்துக்கு தண்ணி விடுவாங்க, அதுக்குள்ள மேல எங்க மழை பெஞ்சு எந்த ஷட்டர ராத்திரி எத்தன மணிக்கு தூக்குவாங்கன்னு நமக்கா தெரியும்? சாயங்காலம் கணுக்காலுக்கு ஓடுன தண்ணி விடியறப்ப இடுப்புக்கு நிக்கும். ஆத்துக்குள்ள படுக்குற யோசனையே வேணாம், மாசி பங்குனில பாத்துக்கலாம்.

வேதாரண்யம் பக்கம் ஒரு அண்ணனோட கொல்லை இருக்கு. மணல் பூமி, எவ்ளோ மழை பெஞ்சாலும் உறிஞ்சிடும். தென்னந்தோப்பு நெழலா இருக்கேன்னு பசங்களுக்கு ஆசை, ஆனா தென்னைக்கு அடியில டென்ட் போடவே கூடாது, தேங்கா மட்டும் இல்ல, காஞ்ச மட்ட ஒண்ணு விழுந்தாலும் போச்சு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப அந்த தோப்புல முக்காவாசி சாஞ்சிடுச்சாம், இப்ப நிக்கிறதெல்லாம் அப்பறம் வச்ச கன்னுங்க, அதுவே இப்ப காய்க்குது. சவுக்குத் தோப்ப ஒட்டி வெட்டவெளியா ஒரு திட்டு இருக்கு, அங்கதான்.

டிசம்பர் 23

இன்னைக்கு வைக்கோலுக்கு சண்டை. கீழ வைக்கோல பரப்பி மேல பாய் போட்டா கதகதன்னு இருக்கும், அந்தக் காலத்துல களத்துல அப்டித்தான படுத்தோம்னு பெரியப்பா சொல்றாரு. கதகதப்பு நெசந்தான். ஆனா வைக்கோல் இருந்தா எலி வரும், எலி இருந்தா பின்னாடியே பாம்பு வரும். கண்ணாடி விரியனாச்சும் புஸ்ஸுனு சீறும், கட்டுவிரியன் சத்தமே போடாது, ராத்திரில தரையில படுத்திருக்கவங்களத்தான் அது கடிக்கும், கடிச்ச எடம் சரியா வலிக்கக்கூட செய்யாது, விடியக்காலம் வயித்த வலிக்குது, கண்ணு சொருகுதுன்னு சொல்லும்போது நேரம் போயிருக்கும். அதனால வைக்கோல் கெடையாது. கீழ பாலிதீன் ஷீட், அதுமேல புதுக் கீத்து, அதுமேல பாய், எல்லாத்துக்கும் மேல கொசுவல, வலையோட ஓரத்த பாய்க்கு அடியில நல்லா சொருகிடணும். கொசுவுக்கும் ஆச்சு பாம்புக்கும் ஆச்சு. பெரியப்பா ஒத்துக்கல, நானும் விடல.

பெத்தவங்களுக்கு குரூப்ல அனுப்புனது: முழுக்கால் பேன்ட், முழுக்கை சட்டை, டார்ச், ஷூ. மழைக்கால முடிவுல புதர்ல உக்காந்து எழுந்தா உண்ணிக் காய்ச்சல் வரலாம், கேம்ப் முடிஞ்சு ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சலோட ஒடம்புல எங்கயாச்சும் சிகரெட்டால சுட்டாப்ல கருப்புப் புண்ணு இருந்தா உடனே டாக்டர்கிட்ட அதக் காட்டிச் சொல்லுங்க. இதப் படிச்சிட்டு ரெண்டு அம்மாங்க பின்வாங்கிட்டாங்க. பரவால்ல, சொல்லாம கூட்டிட்டுப் போறதுக்கு இது மேல்.

டிசம்பர் 26

இன்னைக்கு சாமான் எதுவும் ஏத்தல. 2004 சுனாமி நாள். நாகப்பட்டினம் கடக்கரையில இன்னைக்கு பூப்போட வருவாங்க. கேம்ப நாளைக்குத் தள்ளி வச்சதே இதனாலதான்.

டிசம்பர் 27

வந்து சேந்தாச்சு. மணல்ல முளை அடிச்சா நிக்கவே மாட்டேங்குது, சுத்தியலால நாலு போடு போட்டுட்டு கயித்த இழுத்தா பல்லு புடுங்குன கணக்கா கையோட வருது. வாடக்காத்து வேற. அப்பறம் சிமென்ட் சாக்குல மணல ரொப்பி, வாயக் கட்டி, மொழங்கை ஆழத்துக்கு குழி தோண்டி அதப் பொதச்சு, அதுலேருந்து கயித்த எடுத்து டென்ட்டோட சேத்துக் கட்டுனோம். அசையல. ஏழாவது படிக்கிற வாண்டு ஒருத்தன் கயித்துல தொங்கிப் பாத்துட்டு ஓகேன்னான்.

அடுப்பு பத்த வைக்கிற போட்டி வச்சேன், டீமுக்கு மூணு தீக்குச்சி. வெறகெல்லாம் நமுத்துப் போயி கெடக்கு. ஒரு டீம் பேப்பர கொளுத்தி கொளுத்தி பொகையில கண்ணு கலங்கி நிக்குது. இன்னொரு டீம்ல ஒரு பொண்ணு, அவங்க வீட்ல இன்னும் வெறகடுப்புதான் போல, பேசாம போயி தென்னை மட்டையடியில வலை மாதிரி இருக்குமே அந்தப் பன்னாடையும் காஞ்ச பாளையும் பொறுக்கிட்டு வந்துச்சு. பன்னாடைய கையால கசக்கி பஞ்சு மாதிரி ஆக்கி அடில வச்சு, ஈர வெறக அருவாளால ரெண்டா பொளந்து உள்பக்கம் காஞ்சிருக்கறத கீழ பாக்க வச்சு, காத்துக்கு முதுக குடுத்து குந்திகிட்டு ஒரே குச்சில பத்த வச்சிருச்சு. பசங்க வாயடைச்சுப் போயிட்டானுங்க. மிச்சம் ரெண்டு குச்சிய பத்தாத டீமுக்கு குடுத்துச்சு, அதுலயும் அவனுங்களுக்கு பத்தல.

ராத்திரி சாதம், சாம்பார், அப்பறம் தணல்ல சுட்ட பனங்கிழங்கு. இந்தப் பக்கம் இதான் சீசன். நாரு உரிச்சு மெளகா உப்பு தொட்டு, அடடா.

வானம் தெளிவா இருந்துச்சு. கார்த்திகைக் கூட்டம், அதுக்குக் கீழ ரோகிணி, இன்னும் கீழ செவப்பா திருவாதிரை. மார்கழித் திருவாதிரைக்கு களி திங்கறோமே அந்த நட்சத்திரம் இதானான்னு கேட்டானுங்க, இதேதான்.

டிசம்பர் 28

நாலரைக்கு ஒரு டென்ட்லேருந்து கூச்சல், அண்ணா மழை உள்ள ஒழுகுதுன்னு. வெளிய வந்தா ஒரு சொட்டு மழை இல்ல. குளிருதுன்னு ஜிப்ப முழுசா மூடிட்டு ஆறு பேர் படுத்திருக்கானுங்க, அத்தன பேரு மூச்சுல இருக்க ஈரமும் சில்லுனு இருக்க நைலான் கூரையில பட்டு தண்ணியாகி அவனுங்க மேலயே சொட்டுது. பக்கத்துல தார்ப்பாய் கட்டி ரெண்டு பக்கமும் தொறந்து விட்ட பொண்ணுங்க டென்ட் உள்ள காஞ்சு கெடக்கு. குளிருக்கு மூடுறதவிட காத்து போவ வழி விடுறது முக்கியம்னு நேத்தே சொன்னேன், இப்ப சட்டையில ஏறுனப்பறம்தான் மண்டையில ஏறுச்சு. சுக்குக் காப்பி குடிச்சு காஞ்ச துணி மாத்திட்டு சரியாயிட்டானுங்க.

அப்பறம் கோடியக்கரை. சரணாலயத்துக்குள்ள நாங்க டென்ட் போடல, பர்மிஷன் வாங்கி பகல்ல போயிட்டு வந்துட்டோம், உள்ள தீ மூட்டவே கூடாது, வனவிலங்குச் சட்டம். 1967லேருந்து சரணாலயம், 2002லேருந்து ராம்சார் எடம், அதாவது உலக அளவுல முக்கியம்னு பட்டியல்ல சேத்த ஈரநிலம். வெளிமான் கூட்டமா நின்னுச்சு, முறுக்குக் கொம்போட கருப்புக் கெடா ஒண்ணு எங்களப் பாத்துட்டு அலட்சியமா மேயுது. சேத்துல கொசு உள்ளான் ஓடுறதப் பாத்து பசங்க சிரிச்சாங்க. கட்ட விரல் நீளந்தான் காலு, இது ரஷ்யாவோட வடகோடி ஆர்க்டிக் பக்கத்துலேருந்து பறந்து வருதுன்னா நம்பவே மாட்டேங்குறாங்க. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க இங்க பல வருஷமா பறவை கால்ல வளையம் மாட்டி விட்டுத்தான இதெல்லாம் தெரிய வந்துச்சு. பூநாரை தூரத்துல ரோஸ் கோடா தெரிஞ்சுது, பைனாகுலர் ஒண்ணே ஒண்ணு, அதுக்கு அடிதடி.

டிசம்பர் 29

காலையில அகஸ்தியம்பள்ளி வரைக்கும் நடை. 1930 ஏப்ரல் 13 ராஜாஜி திருச்சிலேருந்து தொண்டர்களோட கெளம்பி நடந்தே வந்து ஏப்ரல் 30 உப்பெடுத்த எடம், ஸ்தூபி இருக்கு. அவங்களுக்கு சோறோ தங்க எடமோ குடுத்தா ஜெயில்னு அப்ப தஞ்சாவூர் கலெக்டரா இருந்த தார்ன் மெரட்டுனதும், நம்ம சனங்க சோத்துப் பொட்டலத்த வழியில மரக்கெளையில கட்டித் தொங்க விட்டாங்கன்னு சொன்னேன். யார் குடுத்தான்னு போலீஸ் யாரப் புடிக்கும்? பசங்களுக்கு இந்தக் கதை ரொம்பப் புடிச்சுப் போச்சு, திரும்பி வர்ற வழியில என் பைய காணோம், பாத்தா சவுக்குக் கெளையில தொங்குது.

டிசம்பர் 30

டென்ட் எல்லாத்தையும் களத்துல விரிச்சுப் போட்டிருக்கு. பனி ஈரத்தோட சுருட்டி வச்சா ஒரே வாரத்துல பூசணம் புடிச்சு நாறிடும். வெயிலு பத்து மணிக்குத்தான் ஏறுது, ரெண்டு பக்கமும் திருப்பிப் போட ஆள் வேணும்னு குரூப்ல போட்டேன், கேம்ப் போட்டோவுக்கு ஆர்ட்டின் விட்ட ஒருத்தனும் வரல, பன்னாடைப் பொண்ணும் அந்த வாண்டும்தான் வந்துச்சுங்க. தார்ப்பாய் மட்டும் குடுத்தவங்களுக்கு பொங்கலுக்கு முன்னாடி திருப்பித் தந்துடணும், அறுப்பு ஆரம்பிச்சா நெல்லு மூட அவங்களுக்கே வேணும்.