சுங்கை சிப்புட்டிலிருந்து ஹீத்ரோ: உண்மையில் எத்தனை மணி நேரம்?

கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவுக்கும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 10,600 கிலோமீட்டர். பிள்ளையைப் படிக்க அனுப்பும் வீடுகளில் இதை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, "பன்னிரண்டு மணி நேரத்தில் போய்விடுவான்" என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பி அங்கே பஸ் டிக்கெட் எடுத்தால் காசு போனதுதான்.

10,600 என்பது உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் வங்காள விரிகுடா, வட இந்தியா, நடு ஆசியா தாண்டி ரஷ்யா, உக்ரேன் மேல் போகிறது. விமானம் அப்படிப் போவதில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரேன் வான்வெளி மூடப்பட்டதிலிருந்து தெற்கே சுற்றித்தான் போகிறது. போதாக்குறைக்கு எதிர்க்காற்று. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் ஜெட் காற்று குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். அதனால் போக ஏறக்குறைய 14 மணி நேரம், திரும்ப 13. டிக்கெட்டில் உள்ள நேரம் இங்கே விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அங்கே கேட்டில் நிற்பது வரை. ஹீத்ரோவுக்கு மேல் வட்டமடிப்பதும் அதில் அடக்கம்.

நிறையப் பேர் தடுமாறுவது கடிகாரத்தில்தான். புறப்படும் நேரம் மலேசிய நேரம், இறங்கும் நேரம் லண்டன் நேரம். இரவு 11.30க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.00க்கு இறங்குவதாக டிக்கெட் இருந்தால் ஆறரை மணி நேரப் பயணம் போலத் தெரியும். குளிர்காலத்தில் வித்தியாசம் 8 மணி நேரம். லண்டன் காலை 6.00 நமக்கு மதியம் 2.00. ஆக, பதினாலரை மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் 7தான். அதே டிக்கெட் பதின்மூன்றரை ஆகிவிடும். நள்ளிரவு தாண்டிய விமானம் என்றால் தேதியை இரண்டு முறை பாருங்கள்: 12-ஆம் தேதி 12.10 என்றால், 11-ஆம் தேதி சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

வீட்டுக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 11.30 விமானத்துக்கு 8.30க்குள் கேஎல்ஐஏவில் இருந்தால் நிம்மதி. பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர், காரில் மூன்றரை மணி நேரம். கேஎல் ஊருக்குள் நுழையாமல் புக்கிட் லாஞ்சானில் என்கேவிஇ நெடுஞ்சாலையைப் பிடித்து, ஷா ஆலமில் எலைட் நெடுஞ்சாலைக்கு மாறுங்கள். தஞ்சோங் மாலிம் பக்கம் ஜாம் இருக்கும் என்று ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டால், மாலை 4.00க்குக் கார் நகர வேண்டும். தீபாவளி, ஹரி ராயா வாரத்தில் இதுவும் போதாது. ரயில் என்றால், ஈப்போவிலிருந்து ஈடிஎஸ் மின்சார ரயிலில் கேஎல் சென்ட்ரல் சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் டெர்மினல் 1க்கு 28 நிமிடம். எந்த டெர்மினல் என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

இறங்கிய பிறகும் வேலை இருக்கிறது. ஹீத்ரோவின் தானியங்கி கேட்டுகள் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்குத் திறக்கும், நம் மலேசிய பாஸ்போர்ட்டுக்குத் திறக்காது. அதிகாரி முன்னால் வரிசைதான். மாணவர் விசா இல்லாமல் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு 2025 ஜனவரி 8 முதல் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியும் வேண்டும். அதைப் பயணத்துக்கு முன்பே எடுக்க வேண்டும். வரிசை, பெட்டி இரண்டையும் சேர்த்து, இறங்கும் நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் தள்ளி அடுத்த பஸ்ஸைப் பதியுங்கள்.