பெட்டிஷனா, க்ளெய்மா: பறிபோன பணம் திரும்பிய அனுபவம்

அமெரிக்காவில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். பழைய தந்தூரி அடுப்பு ஒன்றை வாங்க 18,400 டாலர் ரொக்கத்தோடு பக்கத்து மாநிலத்துக்குக் காரில் போனேன். விற்பவர் ரொக்கமாகத்தான் கேட்டிருந்தார். இண்டிகேட்டர் போடவில்லை என்று நெடுஞ்சாலையில் போலீஸ் நிறுத்தியது. காரில் பணம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன்.

கட்டுகளுக்கு நடுவே மனைவி ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தாள்: ‘வாடகை போக மிச்சம், மார்ச்’. அதையும் சேர்த்தே பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். கொடுத்த ரசீதில் தொகையே இல்லை. பணம் என்னுடையதல்ல என்று அச்சடித்த தாள் ஒன்றையும் நீட்டினார்கள். அதில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. என் மேல் எந்த வழக்கும் போடவில்லை. குற்றத்தோடு சம்பந்தப்பட்ட பணம் என்ற சந்தேகத்திலேயே, ஆள் மேல் வழக்கில்லாமல் இப்படி எடுத்துக்கொள்வதற்கு சிவில் பறிமுதல் என்று பெயர்.

பத்தாவது வாரம் மத்திய அரசின் துறை ஒன்றிலிருந்து நோட்டீஸ் வந்தது. உள்ளூர் போலீஸ் பணத்தை அவர்களிடம் ஒப்படைத்திருந்தது. அப்படி ஒப்படைத்தால் 80 சதவீதம் வரை உள்ளூர் போலீசுக்கே திரும்ப வரும் என்று வக்கீல் சொன்னபோது வயிறு எரிந்தது.

நோட்டீஸில் இரண்டு வழி இருக்கும். இதை நன்றாகக் கவனியுங்கள். பெட்டிஷன் என்றால், பணத்தை வைத்திருப்பவர்களிடமே கருணை கேட்பது, முடிவெடுப்பதும் அவர்களே. க்ளெய்ம் என்றால், இது என் பணம், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது. பெட்டிஷன் சுலபமாகத் தெரிந்ததால் அதைத்தான் நிரப்ப உட்கார்ந்தேன். வக்கீல் தடுத்துவிட்டார். க்ளெய்ம் போட்டால் பொதுவாக 90 நாளுக்குள் அரசு வழக்குப் போட வேண்டும், இல்லையென்றால் பணத்தை விட வேண்டும். வழக்கு வந்தாலும் அது குற்றத்தோடு சம்பந்தப்பட்ட பணம் என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். 2000இல் வந்த திருத்தம் தந்த பாதுகாப்பு இது. அதற்கு முன் அந்தச் சுமை பணத்துக்குச் சொந்தக்காரர் தலையில் இருந்தது. நோட்டீஸில் போட்டிருக்கும் கடைசித் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

வங்கி ஸ்டேட்மெண்ட், கடையின் வரிக் கணக்கு, விற்பவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் இணைத்து க்ளெய்மே போட்டேன். 83ஆம் நாள், பணத்தை விடுவிக்கிறோம் என்று கடிதம் வந்தது. ஏன் எடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. சிவில் விவகாரம் என்பதால் அரசு செலவில் வக்கீல் கிடைக்கவில்லை. 4,500 டாலர் கைக்காசு போனது. பறிபோனது 2,000 டாலர் என்றால் யார் வக்கீல் வைப்பார்கள்? தொலையட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நியூ மெக்சிகோ 2015இல் இந்த சிவில் பறிமுதலையே ஒழித்துவிட்டது. மத்தியச் சட்டத்தைத் திருத்தும் ‘ஃபேர்’ மசோதா 2023இல் பிரதிநிதிகள் சபையின் நீதித் துறைக் குழுவில் 26-0 என்று நிறைவேறியும், சட்டமாகாமலே அந்தச் சபையின் காலம் முடிந்தது. எங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு, தொகை இல்லாத அந்த ரசீதின் நகலோடு எழுதியிருக்கிறேன்.

அடுப்பை அதற்குள் வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். பணம் வங்கிக் கணக்கில் வந்தது. மார்ச் மாதச் சீட்டு வரவில்லை.