கால் தெரியாத படம்

பதினாறு ஆண்டுகளாகப் படம் வரைவதுதான் என் தொழில். பெரும்பாலும் சிறுவர் கதைப் புத்தகங்கள், பயிற்சி நூல்கள். பிப்ரவரி 15-ஐ ஒட்டிய ஒரு சிறு கண்காட்சிக்குப் போர்க்காலப் படம் கேட்டார்கள். 1942-ல் அந்த நாளில்தான் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. எரியும் நகரத்தை வரைய எனக்கு மனம் வரவில்லை. சயாம் மரண ரயிலை எடுத்துக்கொண்டேன்.

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட வைத்த 415 கிலோமீட்டர் தண்டவாளம் அது. 1943 அக்டோபரில் இரு முனைகளும் ஒன்றுசேர்ந்தன. 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். அவர்களைவிடப் பெரிய கூட்டம் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் அதில் ஏராளம்.

வரையும் முன் கைதிகளின் ஓவியங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். பிரிட்டிஷ் கைதி ஸ்டான்லி வாரன், சிங்கப்பூரின் சாங்கி முகாமில் நோயாளியாக இருந்தபடியே கைதிகளின் மருத்துவமனைத் தேவாலயச் சுவரில் வரைந்தவர். பில்லியர்ட்ஸ் சாக்கட்டியையும் ராணுவ வண்ணத்தையும் குழைத்துத்தான் அவருக்கு நிறம் கிடைத்தது. இன்னொரு பிரிட்டிஷ் கைதி ரொனால்ட் சேர்ல் தன் படங்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார். காவலர்கள் அங்கே கிட்ட வரமாட்டார்கள். அந்தப் படங்கள் சாட்சிகள். ஆனால் தோட்டத்திலிருந்து போன தமிழர் ஒருவர் தன் கையால் வரைந்த படம் என் கண்ணில் படவே இல்லை. கூலிகளுக்குத் தாளையும் பென்சிலையும் யார் கொடுத்திருப்பார்கள்? எண்பது ஆண்டு கழித்து, சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய தேநீரைக் குடித்துக்கொண்டே அதை வரைய எனக்கு என்ன உரிமை என்ற கேள்வி கடைசிவரை கூடவே இருந்தது.

கரித்துண்டால் வரைந்தேன். மழை, மூங்கில் காடு, தோளில் கட்டைகளோடு ஒரு வரிசை மனிதர்கள். முழங்காலுக்குக் கீழே வெறும் சேறு. படத்தின் பொருளை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். 'மண் மனிதர்களை விழுங்குகிறது' என்று எழுதிக் கொடுத்தேன். அதை நானும் நம்பினேன்.

இரண்டாம் நாள் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வந்தார். வெகுநேரம் படத்தின் முன்னால் நின்றார். அப்புறம் கேட்டார், "தம்பி, காலு எங்க?"

நான் எழுதியிருந்ததைக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

"எங்கப்பா ஜோகூர் தோட்டத்துலேருந்து போனவரு. திரும்பி வந்தாரு. அங்க நடந்ததப் பத்தி ஒரு வார்த்த பேசமாட்டாரு. நாங்க கேட்டா எழுந்து வெளிய போயிருவாரு. அவரு கால்ல இருந்த தழும்பப் பாத்துத்தான் நாங்க எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டோம்."

அந்தப் புண்களைப் பற்றி நானும் படித்திருந்தேன். மூங்கில் கீறிய சின்னக் காயம் எலும்பு தெரியும்வரை அரித்துக்கொண்டே போகும். அதனால் கால்களையே இழந்தவர்கள் உண்டு. அது தெரிந்தும் சேற்றைப் பூசி மூடியிருக்கிறேன். அழகான ஒரு வாக்கியம் கிடைத்த திருப்தியில், அந்த மனிதர்கள் உடம்பில் சுமந்த ஒரே பதிவை அழித்துவிட்டேன். வரைந்தது சிறுவர் புத்தகத்துக்கு அல்ல என்றாலும் கண்ணுக்கு உறுத்தாமல் வரையும் பழக்கம் என் கையில் ஊறியிருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண்காட்சி முடிந்து படம் வீட்டுக்கு வந்ததும் சட்டத்திலிருந்து கழற்றினேன். பிசையும் ரப்பரால் சேற்றை ஒற்றி ஒற்றி எடுத்தேன். கரி முழுவதும் போகவில்லை, சாம்பல் நிறமாகத் தங்கிவிட்டது. அதன் மேலேயே கால்களை வரையத் தொடங்கினேன். முன்னால் நடப்பவரிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. பெரியவர் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தேன்.

மறுநாள் அவருடைய புளோக்கின் கீழ்த்தளத்தில் சந்தித்தோம். ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறந்து, "எந்த இடத்துலங்கய்யா?" என்று கேட்டேன். அவர் கல் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, உள்பக்கமாக, தன் காலில் விரலால் ஒரு வட்டம் போட்டார்.