பெர்தா காசெரெஸ் மசோதாவுக்கு ஒரு கையெழுத்து வாங்கிய கதை

"உனக்குத்தான் இங்கே ஓட்டே இல்லையே, காங்கிரஸ் உறுப்பினரைப் பார்த்து என்ன பேசப்போகிறாய்?" அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. பேச நிறைய இருக்கிறது. எச்1பி வேலை விசாவில் இருந்த காலத்தில்தான், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் எங்கள் தொகுதிக்கு இருந்த உறுப்பினரை, ஹோண்டுரஸ் ராணுவத்துக்கான அமெரிக்க உதவியை நிறுத்தக் கேட்ட பெர்தா காசெரெஸ் மசோதாவின் ஆதரவாளர் பட்டியலில் சேர்க்கும் வேலையில் இறங்கினேன். இதைச் செய்ய நினைக்கும் யாருக்காவது உதவட்டும் என்றே எழுதுகிறேன்.

பெர்தா மத்திய அமெரிக்காவில் உள்ள ஹோண்டுரஸ் நாட்டின் லென்கா பழங்குடிப் பெண், கோபின் என்ற பழங்குடி மக்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். குவால்கார்க்கே ஆற்றில் அகுவா சார்க்கா நீர்மின் அணை வருவதை எதிர்த்து ரியோ பிளாங்கோ மக்கள் 2013 ஏப்ரலில் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஜூலையில் கோபின் தலைவர்களில் ஒருவரான தொமாஸ் கார்சியாவை ஒரு ராணுவச் சிப்பாய் சுட்டுக் கொன்றார். 2015இல் பெர்தாவுக்கு கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. உலகம் முழுக்க அறிந்த முகமாகிவிட்டார், இனி தொடமாட்டார்கள் என்று பலர் நம்பினார்கள். 2016 மார்ச் 2 இரவு லா எஸ்பெரான்சாவில் அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து சுட்டுக் கொன்றார்கள். கைதானவர்களில் ஒருவர் பணியில் இருந்த ராணுவ மேஜர்.

அந்த ராணுவத்துக்கு அமெரிக்கா பணமும் பயிற்சியும் கொடுத்துவந்தது. 2009 ஜூன் 28 அன்று அதிபர் செலாயாவைப் பிடித்து நாட்டைவிட்டே அனுப்பிய ராணுவமும் அதுதான். ஜார்ஜியா மாநிலத்திலிருந்து காங்கிரசுக்குத் தேர்வான ஹேங்க் ஜான்சன் 2016 ஜூனில் கொண்டுவந்த மசோதா கேட்டது இதைத்தான்: பெர்தாவைக் கொன்றவர்களும் கொல்லச் சொன்னவர்களும் நீதிமன்றத்துக்கு வர வேண்டும், அகுவான் பள்ளத்தாக்கில் நிலத்துக்காகப் போராடிக் கொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயிகளின் வழக்குகள் நடக்க வேண்டும், உள்நாட்டுக் காவல் பணியிலிருந்து ராணுவம் விலக வேண்டும், அதுவரை ஹோண்டுரஸ் ராணுவத்துக்கும் போலீசுக்கும் அமெரிக்க உதவி கிடையாது. ஹோண்டுரஸ் இயக்கங்களும் இதையே கேட்டன. என்னை ஈர்த்தது அதுதான். தூர தேசத்து மக்களுக்கு எது நல்லது என்று நாம் இங்கே உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதில்லை. எங்கள் கழுத்தில் இருக்கும் உங்கள் அரசின் கையை எடுக்கச் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கையை எடுக்கச் சொல்லும் வசதி எனக்கு இருந்தது, ஏனென்றால் நான் அந்த அரசுக்கு வரி கட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழு ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடும். எண்பதுகளில் எல் சால்வடோர் அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்த கன்னியாஸ்திரீகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சில மாணவர்கள், ஹோண்டுரஸிலிருந்து வந்து இங்கே வீடுகளில் துப்புரவு வேலை செய்த ஓர் அம்மா. மிட்ச் புயலுக்குப் பிறகு ஹோண்டுரஸ் மக்களுக்குக் கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்தில்தான் அவர் இருந்தார். அவரைவிட என் நிலை பத்திரமானது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் விசா பயம் இருந்தது, அதை வெளிப்படையாகவே கேட்டேன். குழுவுக்கு உதவிய வழக்கறிஞர் தெளிவாகச் சொன்னார்: மனு கொடுப்பதும் அலுவலகம் போய்ப் பேசுவதும் இங்கே வாழும் எல்லாருக்கும் உள்ள உரிமை. கைதாகும் வாய்ப்புள்ள மறியல்களை மட்டும் விசாக்காரர்கள் தவிர்த்துக்கொள்ளுங்கள். தொகுதிகளைப் பிரிப்பது மக்கள்தொகைக் கணக்கை வைத்து, அதில் குடியுரிமை இல்லாதவர்களும் எண்ணப்படுகிறார்கள். ஆகவே நானும் அந்த உறுப்பினரின் தொகுதிவாசிதான். அலுவலகத்தில் முதலில் கேட்டதும் ஜிப் கோடுதான்.

சந்திப்பு கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது. தொலைபேசியில் கூப்பிட்டு, வெளியுறவு விஷயங்களைப் பார்க்கும் உதவியாளரின் பெயரைக் கேட்டு வாங்கி, அவர் பெயருக்கே எழுத வேண்டும். தொகுதி அலுவலகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியம், விசா, முன்னாள் படைவீரர் உதவி மாதிரியான வேலைகளைப் பார்ப்பவர்கள். மசோதா பற்றி முடிவெடுக்க உறுப்பினருக்கு ஆலோசனை சொல்பவர் வாஷிங்டனில் இருப்பார். இரண்டு பேரையும் பார்க்க வேண்டும்: தொகுதியில் உள்ளவர் நம் எண்ணிக்கையைப் பார்க்கிறார், வாஷிங்டனில் உள்ளவர் நம் வாதத்தைப் பார்க்கிறார்.

தயாரிப்புதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. யார் அறிமுகம் செய்வது, யார் கதை சொல்வது, யார் கோரிக்கையை வைப்பது, யார் குறிப்பெடுப்பது என்று முன்னாலேயே பிரித்துக்கொள்வோம். கோரிக்கை ஒன்றே ஒன்று: மசோதாவுக்கு இணை ஆதரவாளராகக் கையெழுத்திடுங்கள். மத்திய அமெரிக்க வரலாறு முழுவதையும் சொல்லத் தொடங்கினால் அரை மணி நேரம் போய்விடும், கோரிக்கை வெளியே வராது. கையில் கொடுத்துவிட்டு வர ஒரே ஒரு பக்கம். அதில் பெர்தாவின் படம் பெரிதாக வேண்டும் என்றார்கள் சிலர். தொமாஸ் கார்சியாவின் பெயரும் அகுவான் விவசாயிகளும் மேலே வர வேண்டும் என்று நான் வாதாடினேன். ஒரு பெண்ணின் கொலையை மட்டும் காட்டினால், நாலு பேரைத்தான் பிடித்துவிட்டார்களே என்று கோப்பை மூடிவிடுவார்கள். ராணுவத்தின் பங்கு பல ஆண்டுகளாக நீள்வது என்று காட்ட வேண்டும்.

முதல் சந்திப்பில் இளைஞரான ஓர் உதவியாளர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் பதில் தயாராக இருந்தது. மனித உரிமையை மீறும் படைப்பிரிவுக்கு உதவி தரக் கூடாது என்று லேஹி சட்டம் ஏற்கனவே இருக்கிறதே, புதுச் சட்டம் எதற்கு? இந்தக் கேள்வி எந்த அலுவலகத்திலும் வரும். எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியை சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். லேஹி சட்டம் பிரிவு பிரிவாகப் பார்க்கிறது, ஒரு பிரிவை நிறுத்தினால் பக்கத்துப் பிரிவுக்குப் பணம் போகும். குற்றம் செய்தவரைத் தண்டிக்காத அமைப்பே முழுதாகப் பழுதாக இருக்கும்போது ஒவ்வொரு பிரிவாகச் சல்லடை போட்டுப் பயனில்லை. உதவியாளர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு அந்த ஹோண்டுரஸ் அம்மா பேசினார். தன் ஊரில் ராணுவம் ரோந்து வரும்போது பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவோம் என்றார். தொகுதியில் அவர் எத்தனை வீடுகளைத் துடைக்கிறார், எந்தத் தேவாலயத்துக்குப் போகிறார் என்பதையும் சொன்னார். யாருக்காகவும் அழுது காட்டவில்லை. அந்த அறையில் மிக அதிகமாக இழக்கக்கூடியவர் அவர்தான், மிகத் தெளிவாகப் பேசியவரும் அவர்தான்.

உடனே எதுவும் நடக்கவில்லை. "உறுப்பினர் பரிசீலித்துவருகிறார்" என்ற ஒரே பதில் மாதக்கணக்கில் வந்தது. நாங்கள் விடவில்லை. வாரம் ஒருவர் தொலைபேசியில் கூப்பிடுவது, உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம், பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று மசோதாவின் எண்ணைச் சொல்லிக் கேட்பது. எண் முக்கியம். 2016இல் வந்த மசோதா அந்தக் காங்கிரசின் இரண்டாண்டுக் காலம் முடிந்ததும் காலாவதியாகிவிட்டது, 2017 மார்ச்சில் எச்.ஆர். 1299 என்ற புது எண்ணில் திரும்ப வந்தது. இரண்டு ஆண்டுக்கொரு முறை எண் மாறும், கையெழுத்துகளையும் முதலிலிருந்து வாங்க வேண்டும். பழைய எண்ணைச் சொன்னால் அலுவலகத்தில் கோப்பே கிடைக்காது.

திருப்பம் 2017 நவம்பரில் வந்தது. 26ஆம் தேதி ஹோண்டுரஸில் தேர்தல். முன்னிலையில் இருந்த எதிர்க்கட்சி வேட்பாளர், வாக்கு எண்ணும் கணினி அமைப்பு முடங்கி மீண்ட பிறகு பின்தங்கினார். மக்கள் தெருவுக்கு வந்தார்கள், ராணுவக் காவல் படை சுட்டது, பலர் இறந்தார்கள். இதன் நடுவே நவம்பர் 28 தேதியிட்டு, ஹோண்டுரஸ் மனித உரிமைகளில் முன்னேறியிருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சான்று கொடுத்திருந்தது. அந்தச் சான்றின் தேதியையும் துப்பாக்கிச்சூட்டுச் செய்திகளையும் ஒரே தாளில் அச்சிட்டு வாஷிங்டன் உதவியாளருக்கு அனுப்பினோம். இந்த முறை அவரே கூப்பிட்டார். புத்தாண்டுக்குப் பிறகு எங்கள் உறுப்பினரின் பெயர் ஆதரவாளர் பட்டியலில் ஏறியது. அன்று மாலையே நன்றி சொல்ல எல்லாரும் தனித்தனியாகத் தொலைபேசினோம். கையெழுத்திட்ட பிறகு யாரும் கூப்பிடாவிட்டால் அடுத்த முறை அந்த அலுவலகம் தயங்கும்.

மசோதா சட்டமாகவில்லை. 2019இலும் 2021இலும் மறுபடி கொண்டுவந்தார்கள், அப்போதும் ஆகவில்லை. ஆனால் ஹோண்டுரஸ் நீதிமன்றம் 2018 நவம்பரில் ஏழு பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்த மேஜர் மரியானோ டியாஸும் அவர்களில் ஒருவர். அணை நிறுவனத்தின் தலைவரும் முன்னாள் ராணுவ உளவு அதிகாரியுமான டேவிட் காஸ்தியோவுக்கு 2022இல் 22 ஆண்டு 6 மாதச் சிறை விதித்தார்கள். பெர்தாவின் பிள்ளைகளும் கோபினும் போராடி வாங்கிய தீர்ப்புகள் இவை. எங்களைப் போன்ற குழுக்களின் பங்கு, வாஷிங்டன் அந்த வழக்கை மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டது.

வேலை நிற்கவில்லை. 2024 செப்டம்பரில் ஹோண்டுரஸின் தொகோவாவில் ஆற்றுக்காகப் போராடிய ஹுவான் லோபெஸைத் தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது சுட்டுக் கொன்றார்கள். நீங்கள் அமெரிக்காவில் இருந்தால், எந்த விசாவில் இருந்தாலும், நாளைக்கே உங்கள் தொகுதி அலுவலகத்தைக் கூப்பிட்டு வெளியுறவைப் பார்க்கும் உதவியாளர் யார் என்று கேளுங்கள். முதல் சந்திப்புக்குத் தனியாகப் போகாதீர்கள், அந்த நாட்டிலிருந்து வந்த ஒருவரையாவது அழைத்துப் போங்கள், அவரை முதலில் பேச விடுங்கள்.