பட்டியலின் கீழ்ப்பாதி

ஆஸ்கர் விழா நடக்கும் நாளைவிட, அதற்குச் சில வாரங்கள் முன்பு பரிந்துரைப் பட்டியல் வரும் நாளைத்தான் நான் அதிகம் எதிர்பார்ப்பேன். ஒரு தமிழ் நாளிதழில் துணை ஆசிரியராக இருந்த பல ஆண்டுகளில், அந்தப் பட்டியலைத் தமிழில் தயார் செய்யும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். லாஸ் ஏஞ்சல்ஸில் விடியற்காலை 5.30 மணிக்கு அறிவிக்கிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிகளின் காலைச் செய்திக்குத் தோதான நேரம் அது. நமக்கு அப்போது இரவு 7 மணி. முதல் பதிப்பின் பக்கங்களை முடித்துக்கொண்டிருக்கும் நேரம்.

டெஸ்க்கில் வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "நம்ம ஆளு யாராவது இருக்காங்களா?" அதில் தப்பே இல்லை. வாசகரும் அதைத்தான் முதலில் தேடுவார். எனக்கு வருத்தம் தந்தது அதற்கு அடுத்த பேச்சு. "இல்லையா? சரி, சிறந்த படம், நடிகர், நடிகை, இயக்குநர் மட்டும் போடு. மத்ததை விட்டுடு." பட்டியலின் கீழ்ப்பாதி அப்படியே போய்விடும். ஒலி, படத்தொகுப்பு, ஒப்பனை, கலை இயக்கம், ஆவணப்படம், குறும்படம் எல்லாம் அந்தக் கீழ்ப்பாதியில்தான் இருக்கும்.

நான் அதற்காக வாதாடியதற்குக் காரணம் உண்டு. ஆஸ்கர் பரிந்துரை எப்படி முடிவாகிறது என்று தெரிந்தால் அந்தப் பெயர்களைத் தூக்கிப்போட மனம் வராது. ஆஸ்கரை வழங்கும் அமைப்பான அகாடமியில் வாக்களிக்கும் உறுப்பினர்கள் சுமார் 10,000 பேர். ஆனால் பரிந்துரைச் சுற்றில் பெரும்பாலான பிரிவுகளுக்கு எல்லோரும் வாக்களிப்பதில்லை. நடிகர்களை நடிகர்கள் தேர்வு செய்கிறார்கள், படத்தொகுப்பாளர்களைப் படத்தொகுப்பாளர்கள், ஒளிப்பதிவாளர்களை ஒளிப்பதிவாளர்கள். சிறந்த படத்துக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து பரிந்துரைக்கிறார்கள். இறுதிச் சுற்று வேறு மாதிரி. அப்போது எல்லாப் பிரிவுக்கும் எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்கலாம். ஒலிக் கலவையின் நுணுக்கம் தெரியாத நடிகரும் அங்கே ஒலிக்கு வாக்களிப்பார்.

ஆக, கோப்பையைத் தருவது ஊர். பரிந்துரையைத் தருவது அதே தொழிலைச் செய்கிறவர்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கனமானது.

கெவின் ஓ'கானெல் என்ற ஒலிக் கலவைக் கலைஞரின் பெயர் இதனால்தான் என் மனதில் நின்றுபோனது. 1984 விழாவில் முதல் பரிந்துரை. அதிலிருந்து 20 முறை பெயர் வந்து, 20 முறையும் விருது வேறு யாருக்கோ போனது. 2017-இல், 21-வது பரிந்துரையில் வென்றார். செய்தி நிறுவனங்கள் அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் அதிக முறை தோற்றவர் என்ற தொனி வந்துவிடும். எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. ஒலித் துறையில் இருப்பவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, 'இந்த ஆண்டின் சிறந்த வேலைகளில் இவருடையதும் ஒன்று' என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸும் 2018-இல் தன் 14-வது பரிந்துரையில்தான் முதல் முறை வென்றார். அதற்கு முந்தைய 13 முறையும் அவரைத் தேர்ந்தெடுத்தது சக ஒளிப்பதிவாளர்கள்.

இந்த மரியாதை ஒரு பக்கம் இருக்க, அதை மலிவாக்கும் வேலையும் ஒவ்வொரு ஆண்டும் நடக்கும். அகாடமி முதலில் ஒரு தகுதிப் பட்டியலை வெளியிடும். திரையிடல் விதிகளைப் பூர்த்தி செய்து, உரிய படிவத்தையும் கொடுத்த படங்களின் பட்டியல் அது, அவ்வளவுதான். யாரும் யாரையும் தேர்வு செய்வதில்லை. 2021-இல் அதில் 366 படங்கள், 'சூரரைப் போற்று' உட்பட. 2022-இல் 276, 'ஜெய் பீம்' உட்பட. 2025-இல் 323, 'கங்குவா' உட்பட. அன்றைக்கெல்லாம் 'ஆஸ்கர் போட்டியில்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு கேட்பார்கள். உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டால் ரசிகர்களிடமிருந்து தொலைபேசி வரும். பொறுமையாக விளக்குவேன். அந்தப் படங்களை நேசிக்கிறவர்களிடம் அதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் 366-ல் ஒன்றையும் பரிந்துரையான ஐந்தில் ஒன்றையும் ஒரே தலைப்பில் எழுதினால், அந்த ஐந்துக்குள் வந்தவருக்கு நாம் என்ன சொல்லி மரியாதை செய்வது?

வெளிநாட்டுப் படங்களுக்கான பிரிவிலும் இதே குழப்பம். இந்தியா சார்பில் ஒரு படத்தை இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அனுப்புகிறது. அது நாட்டின் தேர்வு. எல்லா நாடுகளும் அனுப்பியவற்றை அகாடமி 15 படங்களாகச் சுருக்கி, பிறகு ஐந்தைப் பரிந்துரைக்கிறது. அந்த ஐந்துக்குள் இதுவரை போனவை 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்' என்ற மூன்று இந்தியப் படங்கள் மட்டும். 1969-இன் 'தெய்வமகன்' தொடங்கி 2021-இன் 'கூழாங்கல்' வரை தமிழிலிருந்து எத்தனையோ படங்கள் போயும் ஒன்றுகூடப் பரிந்துரை வரை வரவில்லை. இதை ஒவ்வொரு முறையும் செய்தியின் கடைசிப் பத்தியில் சேர்ப்பேன். இடம் போதவில்லை என்று பெரும்பாலும் அதைத்தான் வெட்டுவார்கள்.

தமிழுக்குப் பெருமை வேறு வாசல் வழியாக வந்தது. அந்த வாசலும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் இருந்தது. 2009-இல் ஏ.ஆர்.ரஹ்மானுக்கு மூன்று பரிந்துரைகள், இரண்டு விருதுகள். எல்லோருக்கும் தெரியும். வெல்லாமல் போன மூன்றாவது பரிந்துரை 'ஓ சாயா' பாடலுக்கு. அதில் ரஹ்மானோடு இருந்த இன்னொரு பெயர் மாயா அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த, ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண். ஒரே வரியில் இரண்டு தமிழ்ப் பெயர்கள்! இன்றைக்கும் இதைச் சொன்னால் சினிமாச் செய்தி எழுதுகிறவர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

அப்புறம் 2013 ஜனவரி. 'லைஃப் ஆஃப் பை' படத்தின் தாலாட்டுக்காக பாம்பே ஜெயஸ்ரீயின் பெயர் வந்தது. பாடியதற்காக என்றுதான் பலரும் நினைத்தார்கள். பாடல் பிரிவின் பரிந்துரை பாடகருக்குப் போகாது. இசையமைத்தவருக்கும் வரிகள் எழுதியவருக்கும்தான் போகும். மைக்கேல் டேனாவின் இசைக்கு அந்தத் தமிழ் வரிகளை எழுதியவர் என்ற முறையில்தான் ஜெயஸ்ரீ அங்கே இருந்தார். ஆஸ்கர் பாடல் பட்டியலில் ஒரு தமிழ்த் தாலாட்டு, அதன் வரிகளுக்காக! 'பாடகிக்குப் பரிந்துரை' என்று மட்டும் எழுதினால் செய்தியின் உயிரே போய்விடும்.

2023 ஜனவரி 24 இரவை மறக்க முடியாது. 'நாட்டு நாட்டு', 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்', 'ஆல் தட் பிரீத்ஸ்' என மூன்று பிரிவுகளில் இந்தியப் பெயர்கள். டெஸ்க்கே எழுந்து நின்றது. 'எலிபென்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் வரும் முதுமலையின் பொம்மன், பெள்ளி தம்பதிக்குத்தான் பரிந்துரை என்று சிலர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இயக்குநர் கார்த்திகி கோன்சால்வ்ஸ், தயாரிப்பாளர் குனீத் மோங்கா பெயரில் வந்தது அது. 'நாட்டு நாட்டு' கீரவாணிக்கும் சந்திரபோஸுக்கும். அந்த ஆட்டத்தை அமைத்த பிரேம் ரக்‌ஷித்துக்கு அப்போது பிரிவே கிடையாது. யாருக்குப் பரிந்துரை, யாருடைய உழைப்பு என்று இரண்டையும் தனித்தனியாக ஒரு பெட்டிச் செய்தியில் எழுதினோம். நான் செய்த பெட்டிச் செய்திகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

மார்ச்சில் முதல் இரண்டும் வென்றன. ஷௌனக் சென்னின் 'ஆல் தட் பிரீத்ஸ்' வெல்லவில்லை. டெல்லியில் காயம்பட்ட பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் இரு சகோதரர்களைப் பற்றிய படம். சண்டான்ஸ், கான் திரைப்பட விழாக்களில் ஏற்கெனவே பரிசு வாங்கியது. 'ஏமாற்றம்' என்று தலைப்பு வைக்கலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று நின்றேன். உலகம் முழுக்க ஆவணப்படம் எடுக்கிறவர்கள் அந்த ஆண்டின் ஐந்தில் ஒன்று என்று தேர்ந்தெடுத்த படத்துக்கு அந்தத் தலைப்பு அநியாயம். கடைசியில் அந்த வார்த்தை இல்லாமலே பக்கம் போனது.

2025 ஏப்ரலில் அகாடமி அறிவித்த புது விதி எனக்கு நிறைவைத் தந்தது. இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு வாக்களிக்க வேண்டுமானால், அந்தப் பிரிவில் பரிந்துரையான எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். 98-வது விருதிலிருந்து இது நடைமுறை. பெரிய பெயரைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் அதையே குறிக்கும் பழக்கம் இதனால் கொஞ்சமாவது குறையும் என்று நம்புகிறேன்.

இப்போது நான் டெஸ்க்கில் இல்லை. இணையப் பக்கத்தில் இடப் பஞ்சமும் இல்லை. பழைய டெஸ்க்கில் இப்போது இந்த வேலையைப் பார்க்கும் தம்பி, எல்லாப் பிரிவுகளையும் எல்லாப் பெயர்களோடும் போடுகிறார். போன முறை அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஒலிப் பிரிவில் ஒரு பெயரைக் குறிப்பிட்டு, "அண்ணே, இதைத் தமிழ்ல எப்படி எழுதணும்?" என்று கேட்டிருந்தார். அந்தக் கலைஞர் தன் பெயரைத் தானே சொல்லும் பேட்டி ஒன்றைத் தேடிக் கேட்டு, எழுதி அனுப்பினேன்.