வயசுக்கு நார்மல்

2025 ஜனவரி 6, திங்கள்

மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கும் பெண் இன்று அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். எங்கள் தெருவில் நிறைய வீடுகளுக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இப்படித்தான் வருகின்றன. அண்ணிக்கு மாத்திரை கொடுக்க வந்தவர், திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் கையிலும் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிவிட்டார். 164/96.

அண்ணன் அசரவில்லை. "நூறோட வயசைக் கூட்டிக்கணும்மா. எனக்கு அறுபத்திரண்டு. ரெண்டுதான் கூட இருக்கு."

அந்தப் பெண் வாதாடவில்லை. "ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியாதுய்யா. வீட்ல நாலு நாள் பார்த்து எழுதிட்டு டாக்டர்கிட்ட வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த நூறு கணக்கு எங்கள் அப்பா காலத்திலிருந்து வீட்டில் புழங்குகிறது. வயது ஏற ஏற ஊரில் எல்லோருக்கும் பிரஷர் ஏறுவதைப் பார்த்து யாரோ போட்ட கணக்கு. எல்லோருக்கும் ஏறுகிறது என்பதும் ஏறினால் கெடுதல் இல்லை என்பதும் ஒன்றா? உலகத்தில் எல்லோருக்கும் ஏறவும் இல்லை. அமேசான் காட்டில் யானோமாமி என்ற பழங்குடியினர் சமையலுக்கு உப்பே சேர்ப்பதில்லை. உப்பையும் பிரஷரையும் பற்றி 1988-ல் வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வில் அவர்களின் சராசரி 95/61 அளவில் இருந்தது. வயதானவர்களுக்கும் ஏறியிருக்கவில்லை.

ஜனவரி 8, புதன்

மெஷின் வாங்கியாயிற்று. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் சுற்றுவதே வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அண்ணனுக்குத் தடித்த கை. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்த பட்டை போதாது. சின்னப் பட்டையை இழுத்துப் பிடித்துச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். பெரிய பட்டையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

பிரஷர் பார்ப்பதில் இத்தனை சங்கதி இருக்கிறது. அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது. கை தொங்காமல், நெஞ்சு உயரத்துக்கு மேஜைமேல் கிடக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகு பட்டனை அழுத்த வேண்டும். முக்கியமாக, பேசக் கூடாது. அண்ணனுக்கு இதுதான் முடியவில்லை. பட்டை இறுக ஆரம்பித்ததும் வாய்க்காலில் தண்ணீர் விடாத கதையைத் தொடங்கினார், 171 வந்தது. அண்ணி அதட்டி உட்காரவைத்து மறுபடி பார்த்தபோது 152. திங்கட்கிழமை திண்ணையில் கையைத் தொங்கவிட்டுப் பேசிக்கொண்டே எடுத்த 164-ஐயும் இந்த வகையில்தான் சேர்க்க வேண்டும்.

மேல் எண் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம், கீழ் எண் இதயம் தளரும்போது மிச்சம் நிற்பது. இரண்டும் பாதரச மில்லிமீட்டர் கணக்கு. பட்டை கட்டி அளக்கும் முறை 1896-ல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கொண்டுவந்தது. அதில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஓசை கேட்டுக் கீழ் எண்ணையும் பிடிக்கலாம் என்று 1905-ல் காட்டியவர் ரஷ்ய ராணுவ மருத்துவர் கொரோட்கோவ். அதற்கு முன்னால் "உங்களுக்கு பிரஷர் இருக்கு" என்று யாரிடமும் எண் போட்டுச் சொல்ல எளிதான வழி இருந்திருக்காது!

ஜனவரி 12, ஞாயிறு

காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை பார்த்து நோட்டில் எழுதினோம். முதல் நாள் எண்களைக் கழித்துவிட வேண்டுமாம், பழகாத பதற்றம் அதில் இருக்கும். மீதியின் சராசரி 148/92.

அப்படியே நானும் பார்த்துக்கொண்டேன். 128/78. இது நார்மலா என்று தேடப் போனால் ஒரே எண்ணுக்கு வேறு வேறு பதில் வருகிறது. உலக அளவிலான உயர் ரத்த அழுத்தச் சங்கத்தின் 2020 வழிகாட்டியில் 130/85-க்குக் கீழே எல்லாம் நார்மல், நான் பாஸ். அமெரிக்கர்கள் 2017-ல் போட்ட கோட்டில் 120/80-க்குக் கீழே இருந்தால்தான் நார்மல்; என்னுடையது "சற்றே உயர்ந்தது". சென்ற ஆண்டு வந்த ஐரோப்பிய வழிகாட்டியிலோ 120/70-ஐத் தொட்டாலே உயர்ந்த பட்டியல்.

நோய் என்று பெயர் வைப்பதிலும் இந்த வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் 130/80 வந்தால் உயர் ரத்த அழுத்தம். ஐரோப்பாவிலும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் 140/90. மருந்து கம்பெனிக்காரன் வேலை என்றார் அண்ணன். அவர் சந்தேகத்தை நான் முழுசாகத் தள்ளமாட்டேன். ஆனால் உடம்புக்குள் 139-க்கும் 140-க்கும் நடுவே வேலி ஏதும் இல்லை. 115-க்கு மேலே போகப்போக மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகிறது. எந்த இடத்திலிருந்து மருந்து கொடுத்தால் கெடுதலைவிட நன்மை அதிகம் என்று பார்த்து மனிதர்கள் கிழிக்கிற கோடு அது. புது ஆய்வு வந்தால் நகரத்தான் செய்யும். அண்ணனுக்கு எந்தக் கோடாக இருந்தால் என்ன, 148 எல்லாவற்றையும் தாண்டித்தான் நிற்கிறது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். வீடு நிறைய ஆட்கள். மெஷினைச் சுற்றி ஒரே கூட்டம், ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். சின்ன மாமாவுக்கு 180-ஐத் தாண்டிவிட்டது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். மெஷின் சரியில்லை என்றார். அதே மெஷின்தான் அவர் மருமகளுக்கு 112 காட்டியது. உட்காரவைத்துத் திரும்பப் பார்த்தும் இறங்கவில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை மரத்துப்போதல் ஏதாவது கூட இருந்தால் அப்போதே 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். அவருக்கு எதுவும் இல்லை. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று மருமகள் சொன்னாள்.

ஜனவரி 18, சனி

அண்ணன் டாக்டரிடம் வர மறுக்கிறார். "எனக்கு ஒண்ணும் பண்ணலையேம்மா." ராத்திரி ரூஸ்வெல்ட் கதையைச் சொன்னேன். சரித்திரம் என்றால் காது கொடுப்பார்.

1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் அமெரிக்க அதிபரைச் சோதித்தபோது 186/108. அதிபருக்கு அப்போது வயது 62. இதயம் வீங்கிச் செயல் குறையத் தொடங்கியிருந்தது. அதிபரின் சொந்த மருத்துவர் மெக்கின்டயர் காது, மூக்கு, தொண்டைக்காரர். வயதுக்கு நல்ல ஆரோக்கியமாகவே இருக்கிறார் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னொரு தடவை 260/150 வரை போனது. 1945 ஏப்ரல் 12 மதியம், ஓவியத்துக்காக உட்கார்ந்திருந்தவர் பின்னந்தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது பார்த்த அளவு 300/190. மூளையில் ரத்தக்கசிவு, அன்றே முடிந்துவிட்டது.

புரூயன் உப்பைக் குறைத்தார், ஓய்வு எடுக்கச் சொன்னார், இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் என்ற மருந்து கொடுத்தார். பிரஷரை இறக்க உருப்படியான மாத்திரை அன்று யாரிடமும் இல்லை. சர்ப்பகந்தா வேர் பிரஷரைக் குறைக்கிறது என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியதே 1949-ல்தான்.

"அவருக்கும் அறுபத்திரண்டா?" என்று மட்டும் கேட்டார் அண்ணன்.

ஜனவரி 21, செவ்வாய்

ஆரம்ப சுகாதார நிலையம். டாக்டர் நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே சிலருக்கு ஏறும், வீட்டில் சரியாக இருக்கும். வேறு சிலருக்கு அப்படியே தலைகீழ். பொதுவாக வீட்டில் கொஞ்சம் குறைவாக வரும் என்பதால் வீட்டு எண்ணுக்குக் கோடு கொஞ்சம் கீழே, 135/85. அண்ணன் அதையும் தாண்டியவர். அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினம் ஒன்று. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம், ஓர் இசிஜி. பிரஷர் சத்தம் போடாமல் கெடுப்பது சிறுநீரகத்தையும் இதயத்தையும்தான் என்பதால் இத்தனையும்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. வாழைக்காய், வடை, பாயசம், அப்பளம். சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு அப்பளம் நாலு பொரித்தால் என்ன பிரயோசனம் என்று அண்ணியிடம் சண்டை. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன ஸ்பூன், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், வடகம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

அண்ணி இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. சீனக் கிராமங்களில் வேறொரு உப்பைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முக்கால் பங்கு சாதா உப்பு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. 600 கிராமங்கள், ஏறக்குறைய 21,000 பேர். 2021-ல் முடிவு வந்தது: பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்கள் அந்த உப்பைத் தொடக் கூடாது, பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கிவிடும். டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நோட்டில் சராசரி 132/82. அண்ணனுக்குக் கணுக்கால் லேசாக வீங்குகிறது, அம்லோடிபின் சிலருக்குச் செய்கிற வேலை. கிரியாட்டினின் சரியாக இருந்ததால் டாக்டர் டெல்மிசார்டனுக்கு மாற்றினார்.

"இப்ப நார்மலுக்கு வந்துட்டுதே, நிறுத்திரலாமா டாக்டர்?"

"மாத்திரை போட்டு வந்த 132 இது. நிறுத்தினா பழையபடி ஏறிடும். இன்னும் கொஞ்சம் இறக்கி 130-க்குக் கீழ கொண்டுவருவோம்."

120-க்கே இறக்கினால் என்ன என்று நான் கேட்டேன். அமெரிக்காவில் 2015-ல் வெளிவந்த ஸ்பிரின்ட் ஆய்வைச் சொன்னார். 9,361 பேர், 120-க்குக் கீழே இலக்கு வைத்தவர்களுக்கு இதயக் கோளாறுகள் கால் பங்கு குறைந்தன, ஆனால் மயக்கமும் சிறுநீரகத் தொந்தரவும் கூடின. கழனி வரப்பில் நடக்கிறவர் மயங்கி விழுந்தால் அது வேறு கஷ்டம், மெதுவாகப் போவோம் என்றார்.

என் 128/78-ஐயும் காட்டினேன். மாத்திரை வேண்டாம், உப்பைக் குறைத்து தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள், வருஷம் ஒரு தடவை பாருங்கள் என்றார். அண்ணனுக்கு அடுத்த தேதி மார்ச் 18. சின்ன மாமா இன்னும் எந்த டாக்டரிடமும் போகவில்லை.